தேனிலவுத் தீவும் தேய்பிறை வாழ்வும்

நாளேட்டைப் பிரிக்கிறோம். பக்கம் நிறைந்த படம் ஒன்று கண்ணைப் பறிக்கிறது. நீலக் கடல், கடலுக்குள்ளே கால்கள் நாட்டி, அவற்றின் மேல் ஓலை வேய்ந்த குடில், குடிலின் முகப்பிலே புதுமணத் தம்பதி. மணப்பெண்ணின் கையில் மருதாணிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. இது இயற்கையின் மடி என்றும், சுற்றுச்சூழலுக்குச் சிறிதும் ஊறு செய்யாத பசுமைத் தீவு என்றும், தேனிலவுக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை என்றும் படத்தின் அடியிலே விளம்பர வாசகம்.

ஓலைக் குடில்தானே என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் குடிலில் ஓர் இரவு தங்குவதற்குக் கேட்கும் வாடகை, நம் ஆலைத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளம்! குடிசையிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ஓலையின் விலை நமக்குத் தெரியும். ஓலைக்கு இத்தனை விலையும் உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது.

விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது, இந்த நேரத்தில் தேனிலவைப் பற்றி என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கக்கூடும். பேசக் காரணம் இரண்டு இருக்கிறது. ஒன்று, இந்தப் படம் சீமான் வீட்டுக் கூடத்தில் மட்டும் தொங்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் மின்னுகிறது. கல்யாணக் கடன் தீருமுன்பே தேனிலவுக் கடனும் வாங்கு, தவணையிலே கட்டிக்கொள்ளலாம் என்று அவர்களை அழைக்கிறது. மற்றொன்று, இந்தப் படத்திலுள்ள தீவைப் போலவே நம் நாட்டுக் கடலிலும் தீவுகளை ஆக்கிவிட வேண்டுமென்று திட்டங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, படத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து மயங்காமல், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

மணமக்கள் மீது கோபமில்லை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மணமக்கள் மகிழ்ந்திருப்பதைக் கண்டு மனம் பொருமுகிறவர்கள் அல்ல நாம். காதலுக்கும் களிப்புக்கும் பகைவர்களும் அல்ல. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகத்தானே தொழிலாளர் இயக்கமே பிறந்தது? எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ஆம் ஆண்டு சிகாகோ நகரிலே குருதி சிந்தினார்களே, எதற்காக? உழைத்த உடல் ஓய்வதற்கும், உள்ளம் மலர்வதற்கும், மனைவி மக்களோடு நாலு வார்த்தை பேசுவதற்கும் அல்லவா?

பிரெஞ்சு நாட்டிலே 1936-ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பயனாக ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்தது. அந்தக் கோடையில்தான் ஆலைத் தொழிலாளிகள் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டார்கள். நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதி வைத்தது. அது எந்த முதலாளியும் இரங்கி ஈந்த பிச்சை அல்ல. கேட்டுப் பெற்ற உரிமை.

ஆகையால், கடற்கரைக்குப் போவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய வாழ்வைத் தின்று வளரக்கூடாது என்கிறோம். தின்பதைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, பசுமை என்று பெயரும் சூட்டிக்கொள்ளக்கூடாது என்கிறோம். அவ்வளவுதான்.

மாசி விற்ற நாடு

படத்திலே உள்ள தீவு மாலத்தீவு. நமக்கு அது புதிய பெயரல்ல. முதலாம் இராசராசன், கடல் நடுவே உள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தை வென்றதாகக் கல்லிலே பொறித்து வைத்தான். அவை இந்தத் தீவுகளே என்பது வரலாற்றறிஞர் பலருடைய கருத்து. அன்று படையோடு போனார்கள். இன்று பணப்பையோடு போகிறார்கள். படை போனபோது நாம் வென்றோம் என்று கல்வெட்டு சொன்னது. அந்தத் தீவுகளில் வாழ்ந்தவன் என்ன சொன்னான் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. இன்றைய விளம்பரமும் சொல்லவில்லை.

மாசிக் கருவாடு நம் தென்கரை மக்களுக்குத் தெரியும். இலங்கையிலே அதில்லாமல் சம்பல் இல்லை. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து எடுக்கும் அந்தப் பண்டந்தான் நூற்றாண்டுகளாக மாலத்தீவு மக்களுக்குச் சோறு போட்டது. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை 190-க்கும் குறைவு. நிலம் முழுவதையும் கூட்டினாலும் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். பெரும்பாலான தீவுகள் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட உயரவில்லை.

1965-இல் அந்நாடு விடுதலை பெற்றது. 1972-இல் தலைநகர் மாலேக்கு அருகே, ஆளில்லாத தீவொன்றில் முதல் உல்லாச விடுதி எழுந்தது. இன்று அத்தகைய விடுதித் தீவுகள் 170-க்கும் மேல். 2024-ஆம் ஆண்டில் மட்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்து போனார்கள். நாட்டின் மொத்த மக்கள் தொகையோ, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 5 இலட்சத்துச் சொச்சம்!

இந்த வளர்ச்சிக்கு அடிப்படையாக ஒரு விதி இருந்தது: ஒரு தீவுக்கு ஒரு விடுதி. குடிமக்கள் வாழும் தீவு வேறு, விருந்தாளி தங்கும் தீவு வேறு. இசுலாமிய நாட்டு மக்களின் பழக்கவழக்கங்கள் கெடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த வேலி மக்களின் மரபை மட்டுமா காத்தது? முதலாளியின் பெட்டியையும் சேர்த்துக் காத்தது! வந்த விருந்தாளி உண்பது அங்கே, உறங்குவது அங்கே, படகேறுவது அங்கே, பரிசுப் பொருள் வாங்குவதும் அங்கே. பக்கத்துத் தீவிலே தேநீர்க் கடை வைத்திருப்பவன் கையில் ஒரு காசு விழ வழியில்லை. ஆகாயத்தில் கடல் விமானம் பறப்பதை அண்ணாந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தீவுகள் அரசுக்குச் சொந்தம், விடுதிக்காரருக்குக் குத்தகை. குத்தகை என்றால் நம் ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கும் ஓராண்டுக் குத்தகை அல்ல. 50 ஆண்டு, 99 ஆண்டு என்று நீளுகிற குத்தகை! பேரன் பிறந்து பெரியவனாகி மடிந்தாலும் தீவு திரும்பாது. இந்தக் குத்தகைப் பணத்திலேயே கையாடல் நடந்தது. ஏறத்தாழ 8 கோடி டாலர் மாயமாயிற்று என்று 2016-இல் அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளரே அறிக்கை தந்தார். முன்னாள் துணை அதிபர் ஒருவர் 2020-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். கடல் நடுவே கள்வர் பயம் உண்டு என்று பழங்கதைகளிலே கேட்டிருக்கிறோம். கள்வர் கரையிலேயே, அதுவும் நாற்காலியிலேயே இருந்த கதை இது.

பச்சைப் பூச்சு

இனி அந்தப் பசுமைப் பட்டத்துக்கு வருவோம். 1983-இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்னும் அமெரிக்கர் பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுக்குப் போனார். அங்கே ஓர் உல்லாச விடுதியில் அட்டை ஒன்று வைத்திருந்தார்கள். பவளப்பாறைகளைக் காப்போம், ஆகவே துவட்டும் துண்டைத் துவைக்கப் போடாமல் மீண்டும் பயன்படுத்துங்கள் என்பது அதன் பொருள். அதே நேரத்தில் அந்த விடுதியோ தன் கட்டடங்களை விரிவாக்கிக்கொண்டிருந்தது! துண்டுக்கு மட்டும் பசுமை, சிமெண்டுக்கு இல்லை. 1986-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான், பச்சை வண்ணம் பூசி உண்மையை மறைப்பது என்ற பொருள்தரும் சொல் பிறந்தது. இன்று உலகமெங்கும் வழங்கும் அந்தச் சொல் பிறந்த இடமே ஓர் உல்லாசத் தீவு என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இன்றைய தேனிலவுத் தீவிலே என்னென்ன பசுமை? பல் துலக்க மூங்கில் தூரிகை. இளநீர் பருகக் காகிதக் குழல். குடிநீருக்குக் கண்ணாடிக் குப்பி. நல்லவைதான்; வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் குப்பிக்குள் இருக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடல் நீரை இயந்திரத்தில் செலுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர் அது. இயந்திரம் எதனால் ஓடுகிறது? பெரும்பாலும், கப்பலில் வந்திறங்கும் டீசலால். குளிர்சாதனம் ஓடுவதும், குடிலுக்கு ஒன்றாய்க் கட்டிய நீச்சல் குளத்தின் நீர் சுழல்வதும் அந்த டீசலால்தான். கடலுக்கு நடுவே, காலடியிலே கடல் இருக்க, நீச்சல் குளம்! இதையும் இயற்கை வாழ்வு என்கிறார்கள். தட்டிலே வரும் அரிசி, காய்கறி, இறைச்சி எல்லாமே கடல் கடந்து வருபவை. விருந்தாளியும் ஆயிரக்கணக்கான மைல் ஆகாயவிமானத்தில் பறந்து, பிறகு கடல் விமானமும் ஏறி வருகிறார். அத்தனை எண்ணெயும் எரித்து வந்தவர் காகிதக் குழலில் உறிஞ்சினால் கணக்கு நேராகிவிடுமா? கதிரவன் ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடுகளை நிறுவிய விடுதிகளும் உண்டு, மறுக்கவில்லை. தகடு கொஞ்சம், டீசல் அதிகம் என்பதே இன்றைய நிலை.

தின்று முடித்த மிச்சம் எங்கே போகிறது? மாலே நகருக்கு அருகே திலாபுஷி என்றொரு தீவு. 1990-களின் தொடக்கம்வரை அது தீவே அல்ல, ஆழமற்ற கடற்பரப்பு. குப்பையைக் கொட்டிக் கொட்டித் தீவாக்கினார்கள்! தலைநகரின் குப்பையோடு விடுதிகளின் குப்பையும் படகேறி அங்கே வந்தது. அந்தக் குப்பைமேடு ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் எரிந்தது. 2021-இல்தான் அந்தத் தீ நின்றது. பயணி ஒருவர் நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ குப்பை சேர்க்கிறார், தலைநகரில் வாழ்பவர் சேர்ப்பது அதில் பாதிதான், மற்றத் தீவு மக்கள் சேர்ப்பது அதனினும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். படத்திலே காண்பது ஒரு தீவு. அதன் நிழலாக இன்னொரு தீவு. முதல் தீவுக்குப் பூமணம். இரண்டாம் தீவுக்குப் புகைமணம்! அந்தப் புகையிலே நின்று குப்பையைக் கிளறிப் பிரித்தவர்களும் தொழிலாளர்களே, பெரும்பாலும் வங்கதேசத்து ஏழைகள்.

2014 டிசம்பரில் மாலே நகரின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரே நாளில் குடிநீர் இன்றித் தவித்தார்கள். குப்பித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. விடுதித் தீவுகளுக்கோ கவலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி இயந்திரம் உண்டே! ஒரே கடல், ஒரே நாடு, ஒரே நாள். ஒரு பக்கம் குழாயில் சொட்டில்லை. மறுபக்கம் குளத்தில் குறைவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே பெரிய ஆபத்து ஒன்று. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துச் சாகும். 1998-இல் வெளுத்தது, 2016-இல் மீண்டும் வெளுத்தது, 2024-இல் உலகெங்குமே பவளங்கள் வெளுப்பதாக அறிவியலார் அறிவித்தார்கள். பவளப்பாறை என்பது வெறும் அழகுப்பொருள் அல்ல. தீவுக்கு அதுதான் மதில். மீனுக்கு அதுதான் வீடு. 2009 அக்டோபரில் அந்நாட்டு அதிபர் முகம்மது நசீது தம் அமைச்சரவைக் கூட்டத்தையே கடலுக்கடியில் நடத்தி, எங்கள் நாடு மூழ்கப் போகிறது என்று உலகத்துக்குக் காட்டினார். உலகம் பார்த்தது, படம் பிடித்தது, பிறகு மூழ்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று விமானச் சீட்டு வாங்கியது!

பரிமாறும் கைகள்

படத்திலே இல்லாத ஒருவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தம்பதி படகிலிருந்து இறங்கும்போது குளிர்ந்த துணி நீட்டுகிறானே, அவன். கட்டிலிலே பூவிதழ் தூவி இதய வடிவம் அமைக்கிறானே, அவன். விடியுமுன் எழுந்து, மணலிலே மற்றவர் காலடித் தடம் தெரியாதபடி பெருக்கி வைக்கிறானே, அவன். பல தீவுகளைக் கடந்து வந்த மாலத்தீவுக்காரனாக இருக்கலாம். வங்கதேசத்தவன், நேபாளத்தவன், இலங்கையன், இந்தியனாகவும் இருக்கலாம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டில் வாழ்வோரில் நாலில் ஒருவர் வெளிநாட்டவர்.

அவனுக்கும் மணமாகியிருக்கிறது. அவனுக்கும் மனைவி இருக்கிறாள். எங்கே? ஊரிலே. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்று அந்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு அந்த முப்பது நாள்தான் இல்லறம். மற்றப் பதினொரு மாதம் விடுதியின் பின்புறத்து அறையிலே, அடுக்குக் கட்டிலிலே, மற்றத் தொழிலாளிகளோடு வாழ்வு. ஊரார் தேனிலவுக்குப் பூத்தூவும் கை, தன் துணைவியின் கையைப் பற்றுவது ஆண்டுக்கு ஒரு மாதம்! அங்கே வளர்பிறை, இங்கே தேய்பிறை. பவளம் சாவதைப் பற்றிக் கவலைப்படும் பசுமைச் சான்றிதழ், இந்தப் பிரிவை எந்தக் கட்டத்தில் எழுதுகிறது என்று நாம் கேட்கிறோம்.

அந்நாட்டின் 2008-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைத் தந்தது. வேலைநிறுத்த உரிமையையும் தந்தது. விடுதித் தொழிலாளர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். 2013-இல் வந்த கூட்டங்கள் பற்றிய சட்டமோ, உல்லாச விடுதிகளில் ஆர்ப்பாட்டம் கூடாது என்றது! வேலை செய்யும் இடமும் தீவு, உறங்கும் இடமும் அதே தீவு. அங்கே கூடக்கூடாது என்றால் வேறெங்கே கூடுவான்? கடலிலே மிதந்துகொண்டா கொடி பிடிப்பான்? குறைந்தபட்ச ஊதியம் 2022-இல் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொடக்கத்தில் சொந்த நாட்டவருக்கு மட்டும். கப்பலேறி வந்தவனுக்கு அந்தக் கோடும் இல்லை.

2020-இல் கொள்ளைநோய் வந்தது. மார்ச்சு இறுதியில் நாட்டின் வாயில் மூடியது. ஜூலை 15 அன்று திறந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுதிகள் வெறிச்சோடின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இலாபம் குவித்த தொழில் சில மாதம் தாங்கவில்லை! அதே ஜூலையில், விடுதி கட்டப்பட்டுக்கொண்டிருந்த தீவொன்றில், மாதக்கணக்காகச் சம்பளம் காணாத வங்கதேசத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வந்தது சம்பளமல்ல, போலீசு.

2022 நவம்பர் 10 அன்று மாலே நகரில் ஒரு கட்டடம் தீப்பற்றியது. கீழே வண்டி பழுதுபார்க்கும் கூடம். மேலே நெருக்கமான அறைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். உல்லாசப் பணத்தால் உயர்ந்த தலைநகரம் அது. அந்தத் தலைநகரை நடத்தும் கைகளுக்கு அங்கே கிடைத்த இடம் அவ்வளவுதான்.

நன்மையே இல்லையா?

உண்டு. நேர்மையோடு அதையும் சொல்வோம். பயணிகள் கொண்டுவந்த பணத்தால் அந்நாட்டிலே பள்ளிகள் எழுந்தன; மருத்துவமனைகள் வந்தன. 2011-இல் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மாலத்தீவு நீங்கியது. செத்த சுறாவைவிட உயிருள்ள சுறாவுக்கு மதிப்பு அதிகம் என்று உணர்ந்து 2010-இல் சுறா வேட்டைக்குத் தடை போட்டார்கள். 2015 முதல் பசுமை வரி வாங்குகிறார்கள். ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 டாலராக இருந்ததை 2025 ஜனவரி முதல் பெரிய விடுதிகளுக்கு 12 டாலராக உயர்த்தினார்கள். வரவேற்கிறோம்.

எல்லாவற்றிலும் மேலாக, 2009-க்குப் பிறகு குடிமக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறந்தார்கள். வேலி கொஞ்சம் விலகியது. சாதாரணக் குடும்பம் தன் வீட்டோடு நாலு அறை சேர்த்து வாடகைக்கு விட்டது. மீனவன் தன் படகிலே பயணியை ஏற்றிச் சென்றான். தேநீர்க் கடைக்காரன் கையிலும் காசு விழுந்தது. வாடகையும் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் போகலாம் என்றாயிற்று. இதிலும் குப்பை உண்டு, குறை உண்டு. ஆனால் குப்பை யார் வாசலில் கிடக்கிறதோ அவரே வருமானத்திலும் பங்கு பெறுகிறார். ஆகவே கேள்வி கேட்கிறார். கேள்வி கேட்க ஆள் இருக்கும் இடத்தில்தான் பசுமைக்குக் காவல் இருக்கும். நாம் சொல்ல வந்ததன் சாரமே இதுதான். பசுமை என்பது மூங்கில் தூரிகையில் இல்லை. தீவு யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இலட்சத்தீவின் வாசலில்

இது நமக்கு ஏன் அவசரம்? 2024 ஜனவரியில் நம் பிரதமர் இலட்சத்தீவுக்குப் போனார். கடற்கரைப் படங்கள் வெளியாயின. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் இழிவாகப் பேசினார்கள். பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். மாலத்தீவுக்குப் போகாதே, இலட்சத்தீவுக்குப் போ என்று இங்கே முழக்கம் எழுந்தது. 2023-இல் 2 இலட்சத்துக்கு மேல் போன இந்தியப் பயணிகள் 2024-இல் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரமாகக் குறைந்தார்கள். பிறகு சமாதானம் ஆயிற்று. 2025 ஜூலையில் மாலத்தீவின் விடுதலை நாள் விழாவுக்கே நம் பிரதமர் விருந்தினராகப் போய்வந்தார். தலைவர்கள் கைகுலுக்கினார்கள், நல்லது. ஆனால் அந்தக் கூச்சலிலே ஒரு கேள்வி மூழ்கிப் போயிற்று. இலட்சத்தீவு அத்தனை பேரைத் தாங்குமா?

36 தீவுகள், மக்கள் வாழ்பவை பத்து, மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் 64,473 பேர். அந்த நிலத்தடியிலே நல்ல தண்ணீர் உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது; அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் கவரத்தித் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தது. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர். 11,000-க்கு மேற்பட்ட மக்களுக்கு வாய் நனைக்க அது. பொதுப் பணத்தில், பொது மக்களுக்காக, நம் நாட்டு அறிவாளிகள் செய்த அருஞ்செயல்! அந்த ஒரு இலட்சம் லிட்டரை நடுத்தர அளவுள்ள இரண்டு மூன்று நீச்சல் குளங்கள் ஒரே மூச்சில் குடித்துவிடும்.

அங்கேதான் 2021-இல் மினிக்காய், கத்மத், சுஹேலி தீவுகளில் கடல்மேல் குடில்கள் கட்ட ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். நாட்டின் பெரிய ஓட்டல் குழுமம் ஒன்று, சுஹேலியிலும் கத்மத்திலும் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகள் கட்டப்போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. அதே 2021-இல்தான், வளர்ச்சிக்கு என்று சொல்லி நிலத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை நிர்வாகத்துக்குத் தரும் வரைவு விதிகளை எதிர்த்துத் தீவு மக்கள் பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் பயணிகளை வெறுப்பவர்கள் அல்லர். எங்கள் மண்ணில் என்ன நடக்க வேண்டும் என்பதில் எங்கள் சொல்லும் இருக்கட்டும் என்றார்கள். 2024 கோடையில் அந்தக் கடலின் பவளங்களும் வெளுத்துப்போயின. மதில் இடிந்துகொண்டிருக்கும்போது மாடத்துக்கு வண்ணம் பூசுவது அறிவுடைமையா?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே தோழர்களே, பசுமைத் தீவு என்று எவர் வந்து சொன்னாலும் நாலு கேள்வி கேட்க வேண்டுகிறோம். இந்தத் தீவு யாருடையது? அங்கே வாழ்ந்தவர் சம்மதித்தாரா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? விருந்தாளி குளிக்கும்போது பக்கத்துத் தீவுக் குழந்தை குடிக்கிறதா? குப்பை எங்கே போகிறது? எந்த மக்களின் மூக்கில் அந்தப் புகை ஏறுகிறது? பரிமாறுகிறவன் எப்படி வாழ்கிறான்? அவனுக்குச் சங்கம் உண்டா, ஊதியச் சட்டம் உண்டா, தன் குடும்பத்தோடு வாழும் நாள் உண்டா? இந்த நாலுக்கும் நேர்மையான விடை வந்தால், பசுமை என்ற பெயரை நாமே முன்னின்று சூட்டுவோம். வராவிட்டால் அது வெறும் பச்சைப் பூச்சு. மழை பெய்தால் கரையும்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மணமானவுடன் நாலு நாள் தனித்திருக்க விரும்புவது இயற்கை. போய்வாருங்கள், மகிழ்ந்திருங்கள். ஆனால் வட்டிக்கு வாங்கிய நிலவு வளராது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கலை தேயும். போகும் இடத்தில் ஓர் எளிய குடும்பத்தின் வீட்டில் தங்கினால் உங்கள் காசு ஓர் அடுப்பை எரிய வைக்கும். எங்கே தங்கினாலும், பூத்தூவி வைத்தவனின் பெயரைக் கேளுங்கள். அவன் ஊரைக் கேளுங்கள். அவன் மனைவியைக் கடைசியாக எப்போது பார்த்தான் என்று கேளுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞன், ஊர் திரும்பியதும் தன் ஆலைவாசலில் சம்பளத்தோடு விடுமுறை கேட்டு நடக்கும் கூட்டத்தில் வந்து நிற்பான். பரிமாறுகிறவனுக்கும் சேர்த்துக் கை உயர்த்துவான். உழைப்பவர் அனைவருக்கும் ஓய்வு உண்டு என்ற நாள் வரும்போது, கடலும் இருக்க வேண்டும், பவளமும் இருக்க வேண்டும், தீவும் இருக்க வேண்டும். அவற்றைக் காக்கும் வேலையும் நம்முடையதே.